இடமா? வலமா?

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை இரவு விடுதிப் பொது அறையில் நாங்கள் ஏழு பேர் ஒரு மடிக்கணினியைச் சுற்றி உட்கார்ந்து ஒரு தொலைக்காட்சிக் கதையைப் பார்த்தோம். படம் ஐம்பது நிமிஷம். அதன் பின் நடந்த வாக்குவாதம் மூன்று மணி நேரம். வேதியியல் படிக்கும் நாகர்கோவில் நண்பர் ஒருவர், "இது பேய்க் கதைதான், பேய்க்குப் பதில் பிரபஞ்சம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்" என்றார். அன்றிரவு அவருக்குச் சரியான விடை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்று சொல்ல முயல்கிறேன். சொல்லும் வழியில் அவர் கேளாத சிலவற்றையும் சொல்ல நேரும், பொறுத்தருள்க.

கதை இதுதான். "டாக்டர் ஹூ" என்னும் ஆங்கிலத் தொடர் 1963 நவம்பரில் பி.பி.சி. தொலைக்காட்சியில் தொடங்கியது. (அதன் முதல் கதையை இயக்கிய வாரிஸ் ஹுசைன் லக்னோவில் பிறந்தவர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாத செய்தி.) காலத்திலும் வானவெளியிலும் உலவித் திரியும் டாக்டர் என்பவன் அதன் நாயகன். உலகுக்கு ஆபத்து வரும்போதெல்லாம் அவன் வந்து காப்பான். உடன் ஒரு தோழி இருப்பாள். 2008 ஜூன் 21இல் ஒளிபரப்பான "இடப்பக்கம் திரும்பு" என்ற பகுதியில் அந்தத் தோழி டோனா நோபிள் என்னும் எளிய லண்டன் பெண். எழுதியவர் ரஸ்ஸல் டி. டேவிஸ்.

டோனா ஒரு நாள் தாயோடு காரில் போகிறாள். நாற்சந்தி வருகிறது. இடப்பக்கம் திரும்பினால் ஒரு பெரிய நிறுவனத்தில் தற்காலிக வேலை. வலப்பக்கம் திரும்பினால் சௌத்ரி என்ற ஒருவரின் படியெடுக்கும் நிலையத்தில் நிரந்தர வேலை. (கொல்கத்தாவில் இருந்துகொண்டு இந்தப் பெயரைக் கேட்டால் யாருக்குத்தான் சிரிப்பு வராது! இங்கே கல்லூரி வாசல்தோறும் ஒரு சௌத்ரியின் ஜெராக்ஸ் கடை இருக்கிறது.) தாய் வலப்பக்கம் போகச் சொல்கிறாள். நம் தாய்மாரும் அதைத்தான் சொல்வார்கள். உண்மையில் அவள் அன்று இடப்பக்கம் திரும்பியவள். அதனால் டாக்டரைச் சந்தித்தவள். ஒரு கட்டத்தில் அவன் உயிரைக் காத்தவள். இப்போது ஒரு சூழ்ச்சியால், முதுகில் ஒட்டிக்கொண்ட ஒரு வண்டின் வலிமையால், அந்த நாள் மாற்றி எழுதப்படுகிறது. அவள் வலப்பக்கம் திரும்புகிறாள். டாக்டர் இறந்து போகிறான். அவன் காத்த உலகம் ஒவ்வொரு துண்டாக உடைகிறது. வானிலிருந்து விழுந்த ஒரு கப்பலால் லண்டன் மாநகரமே அழிகிறது. டோனாவும் தாயும் தாத்தாவும் அகதிகளாய் வடக்கே லீட்ஸ் நகரத்துக்கு அனுப்பப்படுகிறார்கள்.

இத்தகைய கதைகள் நமக்குப் புதியன அல்ல. பேருந்தைப் பிடித்த ஒருவன், அதே பேருந்தைத் தவறவிட்ட அதே ஒருவன் என்று இரண்டு வாழ்க்கைகளை அடுத்தடுத்துக் காட்டிய "12பி" என்ற தமிழ்ப் படத்தை ஜீவா 2001இலேயே எடுத்துவிட்டார். வானியல் அறிஞர் ஜெயந்த் நார்லிகர் ஒரு சிறுகதையில் 1761ஆம் ஆண்டுப் பானிபட் போரில் மராட்டியர் வென்றிருந்தால் என்று கேட்டு, ஒரு வரலாற்றுப் பேராசிரியரை அந்த வேறு பம்பாய்க்கு அனுப்பி வைத்தார். அந்தப் பேராசிரியர் வேற்றுலகுக்குப் போனது ஒரு லாரியில் மோதி. டோனா தன் உலகத்தை மீட்பதும் ஒரு லாரியின் முன் விழுந்துதான். விஞ்ஞானக் கதாசிரியர்களுக்கு லாரியின் மேல் ஏன் இத்தனை பிரியமோ தெரியவில்லை.

முதலில் நாகர்கோவில் நண்பர் பக்கம் பேசிவிடுகிறேன். அவர் கோபத்தில் பாதி நியாயம் உண்டு. இந்தக் கதை உலகத்தின் சுமை முழுவதையும் ஒரே ஆணியில் தொங்க விடுகிறது. ஒருவன் இறந்தால் மருத்துவமனை அழியும், நகரம் அழியும், கடைசியில் விண்மீன்களும் அவியும் என்கிறது. அரசன் போனால் நாடே போயிற்று என்ற பழைய புராணத்துக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? மற்ற மக்களெல்லாம் அவன் வந்து காக்கும்வரை கை கட்டி நின்றார்களா?

இதற்கு எதிர்ச் சான்று தேடி நாம் வெகுதூரம் போக வேண்டாம். போபஜார் வரை நடந்தால் போதும்.

1907ஆம் ஆண்டு. திருச்சிப் பக்கத்துப் பையன், வயது பதினெட்டு, நிதித் துறையில் உதவிக் கணக்காய அதிகாரியாகக் கல்கத்தாவுக்கு வருகிறான். மேற்படிப்புக்கு இங்கிலாந்து போக இருந்தவன். சென்னையில் ஒரு வெள்ளைக்கார சிவில் சர்ஜன் அவன் மெலிந்த உடம்பைப் பார்த்து, அந்நாட்டுக் குளிர் இவனுக்கு ஆகாது என்று சொல்லிவிட்டார். ஆகவே கணக்கு வேலை. அலுவலகம் போய் வரும் டிராமிலிருந்து ஒரு நாள் 210ஆம் எண் கட்டடத்தில் ஒரு பெயர்ப் பலகை கண்ணில் படுகிறது: இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகம். டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் 1876இல் தொடங்கிய கழகம் அது. இறங்கிப் போய்க் கதவைத் தட்டுகிறான். திறந்தவர் ஆசுதோஷ் தே. அதன் பின் காலையும் மாலையும் கழகம், நடுவே கணக்கு அலுவலகம் என்று பத்து ஆண்டுகள். 1917இல் ஏறத்தாழப் பாதிச் சம்பளத்துக்குப் பேராசிரியர் வேலை. 1928 பிப்ரவரி 28இல் இராமன் விளைவு. 1930இல் நோபல் பரிசு.

டிராமின் மறுபக்க இருக்கையில் அவர் உட்கார்ந்திருந்தால்? அந்தச் சர்ஜன் தலையாட்டியிருந்தால்? நம் சங்கத்து ஆண்டு விழாக்களில் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பெருமூச்சு விடாத பேச்சாளர் இல்லை. ஆனால் பௌதிகம் படிக்கிறவனுக்கு விடை தெரியும். அதே 1928 பிப்ரவரியில், இராமனுக்கு ஒரு வாரம் முன்னதாகவே, மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்கும் மாண்டெல்ஷ்டாமும் குவார்ட்ஸ் படிகத்தில் அதே விளைவைக் கண்டுவிட்டார்கள், வெளியிடுவதில்தான் பிந்தினார்கள். கோட்பாட்டு அளவில் 1923இலேயே ஆஸ்திரியாவின் ஸ்மேகல் அதை முன்கூட்டிச் சொல்லியிருந்தார். ஆகவே டிராம் எந்தப் பக்கம் போயிருந்தாலும் ஒளி சிதறித்தான் இருக்கும். யாரோ ஒருவர் அதைப் பார்த்துத்தான் இருப்பார். மாறியிருக்கக் கூடியது ஒன்றே ஒன்று. வத்திராயிருப்பு கே. எஸ். கிருஷ்ணன் போன்ற இளைஞர்கள் ஆராய்ச்சிக்கென்று மூட்டை கட்டிக்கொண்டு கல்கத்தாவுக்கு ரயில் ஏறியிருப்பார்களா என்பது ஐயம். என் போன்றவன் இன்று இங்கே படிக்க வருவதை என் வீட்டார் இயல்பாக ஏற்றதும் ஐயமே. இராமன் இல்லாவிட்டாலும் உலகம் அழிந்திராது. ஒரு பாதை மட்டும் இங்கே போடப்படாமல் போயிருக்கும். அது சிறிய இழப்பு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கும் விண்மீன்கள் அவிவதற்கும் மிகுந்த தூரம்.

(கழகம் பின்னர் ஜாதவ்பூருக்குப் போய்விட்டது. தெருவுக்கு விபின் பிகாரி கங்குலி பெயர் வந்தது. அந்த இடத்தில் இன்று ஒரு வணிகக் கல்லூரி இருக்கிறது. கணக்குப் படிப்பு அங்கே மீண்டும் வந்து சேர்ந்தது ஒரு வேடிக்கை.)

இணை உலகங்கள் என்றதும் ஹியூ எவரெட் 1957இல் வெளியிட்ட கொள்கையை இழுக்கிறார்கள். டோனாவின் கார் திரும்பும் இடத்தில் பிரபஞ்சம் இரண்டாகப் பிளக்கிறது என்று அவர் சொல்லவில்லை. அவர் பேசியது அணுவளவில் நடக்கும் அளவீடுகளைப் பற்றி. பிரிந்த கிளைகளுக்குள் போய்வர வழியும் அவர் கொள்கையில் இல்லை. இந்தக் கதையில் பௌதிகம் இல்லை. இல்லாததைத் தேடி ஏமாற வேண்டாம். அவ்வளவுதான் அதைப் பற்றி.

பின் என்ன இருக்கிறது? இதற்குத்தான் அன்றிரவு எனக்கு வாய் வரவில்லை.

லீட்ஸில் ஒரு சிறு வீடு. அதில் பல குடும்பங்களை அடைத்திருக்கிறார்கள். டோனாவின் குடும்பத்துக்குக் கிடைத்தது சமையலறை. அதே வீட்டில் இத்தாலியக் குடும்பம் ஒன்று; தலைவர் பெயர் கொலசாண்டோ. உரக்கப் பேசுவார், ஊரைக் கூட்டிப் பாடுவார். முதலில் இரைச்சல் என்று சினந்தவர்கள் பின்னர் தாங்களும் கூடச் சேர்ந்து பாடுகிறார்கள். ஒரு நாள் காலை ராணுவ லாரி வருகிறது. புதிய சட்டமாம், இங்கிலாந்து ஆங்கிலேயருக்கே. வெளிநாட்டார் எல்லாம் தொழில் முகாம்களுக்குப் போக வேண்டும். கொலசாண்டோ சிரித்த முகத்தோடு விடை பெறுகிறார். அங்கே தைப்போம், வெட்டுவோம், கட்டுவோம் என்று ஏதோ வேடிக்கை போலச் சொல்கிறார். அவர் மனைவியின் கண்கள் வேறு சொல்கின்றன. போர்க் காலத்தைக் கண்ட டோனாவின் தாத்தாவுக்கு அந்த நொடியில் உண்மை புரிந்துவிடுகிறது. முன்பும் இப்படித்தான், இதே பெயரைச் சொல்லித்தான் கொண்டு போனார்கள் என்கிறார் அந்தக் கிழவர். டோனா லாரியின் பின்னால் ஓடுகிறாள். லாரி போய்விடுகிறது.

இந்தக் காட்சியில் வேற்றுக் கிரகத்தார் ஒருவரும் இல்லை என்பதைக் கவனித்தீர்களா? கப்பலும் வண்டும் மாயமும் இல்லை. 1967இல் அமெரிக்காவின் "ஸ்டார் டிரெக்" தொடரிலும் ஒரு மாற்றுலகக் கதை வந்தது. அங்கே கப்பலும் முகங்களும் அவையே. ஆனால் உள்ளே இருப்பவர்கள் கொடியவர்கள், மேலதிகாரியைக் கொன்று பதவி ஏறுபவர்கள். பார்ப்பவனுக்கு அதில் ஓர் ஆறுதல் உண்டு: அவர்கள் வேறு, நாம் வேறு. டேவிஸ் அந்த ஆறுதலைத் தரவில்லை. டோனாவின் உலகத்தில் யாரும் மாறவில்லை. தாத்தா அதே நல்ல தாத்தா. லாரியில் வந்த சிப்பாய்கள் அதே இங்கிலாந்தின் வீட்டுப் பிள்ளைகள். அண்டை அயலார் அதே அண்டை அயலார். வாழ்வு சற்று நெருக்கியது, அவ்வளவுதான். அந்த லாரி ஏதோ மாற்றுலகிலிருந்து வந்ததல்ல. அந்த ஊரிலேயே எங்கோ ஒரு கொட்டகையில் எப்போதும் நின்றிருந்தது.

இனி என் கதை கொஞ்சம்.

நான் திருப்பூர்க்காரன். தந்தையார் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். எங்கள் வீட்டுக்குப் பின்னால் லைன் வீடுகள் உண்டு. அவற்றில் ஓர் அறையில் ஆறு பேர் இருந்தார்கள். சிலர் பீகார், சிலர் வங்காளம். அவர்களில் முர்ஷிதாபாத் பையன் ஒருவன் பவர் டேபிளில் தைப்பான். என் வயதுதான். மாலையில் குழாயடியில் என்னைக் கண்டால், "சாப்டாச்சா அண்ணா?" என்பான். தமிழில் அவன் முதலில் கற்ற வாக்கியம் அதுவாக இருக்க வேண்டும்.

2023 மார்ச்சில் ஒரு வதந்தி பரவியது. வடநாட்டுத் தொழிலாளரைத் தமிழ்நாட்டில் அடிக்கிறார்கள் என்று சில படங்கள் கைப்பேசிகளில் பறந்தன. எங்கோ எப்போதோ எடுத்த படங்கள்; பொய் என்று அரசும் காவல் துறையும் அறிவித்துவிட்டன. ஆனால் அச்சத்துக்கு அறிவிப்பு எட்டுமா? ஒரு பிற்பகல் ஆறு பேரும் பைகளை ஆட்டோவில் ஏற்றினார்கள். தெருவில் நாலைந்து பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் ஏதோ சொல்ல மற்றவர்கள் சிரித்தார்கள். நான் வாசற்படியில் நின்றிருந்தேன். படங்கள் பொய் என்று அன்று காலையே செய்தித்தாளில் படித்தவன் நான். அவனுக்குப் புரியும் அளவு தமிழும் அவனிடம் இருந்தது. அம்மா உள்ளேயிருந்து எலுமிச்சஞ்சோற்றுப் பொட்டலத்தோடு வந்தாள்.

"ஏங்கண்ணு, படிச்சவன் நீ. பயப்பட வேண்டாம்னு அந்தப் பையங்கிட்ட நாலு வார்த்தை சொல்லப்படாதா?" என்றாள்.

நான் சொல்லவில்லை. தெருவில் நின்றவர்கள் என்ன நினைப்பார்களோ என்ற கூச்சம். பகையல்ல, வெறுப்பல்ல, வெறும் கூச்சம். ஆட்டோ போயிற்று. டோனாவாவது பின்னால் ஓடினாள்.

மூன்று மாதத்தில் ஜூன் 2 வந்தது. ஷாலிமாரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட கோரமண்டல் எக்ஸ்பிரஸ் ஒடிசாவில் பஹநாகா பஜார் நிலையத்தில் மெயின் லைனில் நேரே போயிருக்க வேண்டும். சிக்னல் இணைப்பில் நேர்ந்த தவறால் பாயிண்ட் லூப் லைனுக்குத் திரும்பியிருந்தது. ஏறத்தாழ 130 கிலோமீட்டர் வேகத்தில் போய் இரும்புத்தாது ஏற்றி நின்ற சரக்கு வண்டியில் மோதியது. 290க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் தெற்கே வேலைக்கு வந்துகொண்டிருந்த வங்காளத் தொழிலாளர் பலர். இடமா வலமா என்று அவர்களை யாரும் கேட்கவில்லை. சந்தியில் நின்று முடிவு செய்யும் வாய்ப்பு கார் வைத்திருப்பவர்களுக்குத்தான் உண்டு. பெட்டியில் நெருக்கி உட்கார்ந்திருப்பவனுக்கு ஏது? இந்தக் குறையை மட்டும் டேவிஸின் கதைமேல் நான் இறக்கி வைத்தே ஆக வேண்டும். அந்தப் பையன் அந்த வண்டியில் இருந்தானா, திருப்பூருக்குத் திரும்ப நினைத்தானா, ஊரிலேயே தங்கிவிட்டானா, எனக்குத் தெரியாது. அவன் முழுப் பெயரைக் கூட நான் கேட்டு வைத்திருக்கவில்லை.

மறு ஆண்டு அதே தடத்தில் எதிர்த்திசையில் ரயில் ஏறி நான் இங்கே வந்தேன். அவன் ஊருக்கு நான். என் ஊருக்கு அவன். இதைவிடத் தெளிவான மாற்றுலகக் கதை ஏதேனும் உண்டா? முதல் மாதம் அறை தேடி அலைந்தபோது ஒரு வீட்டில் "மத்ராஜி" என்று கேட்டதும் கதவைச் சாத்தினார்கள். அதையும் சொல்ல வேண்டும். அதே மூச்சில் மற்றதையும் சொல்ல வேண்டும். ஐப்பசியில் எனக்கு டெங்கு காய்ச்சல் வந்தபோது என்னைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் எங்கள் பாடாவின் கிளப் பையன்கள். கேரம் ஆடிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே எழுந்து வந்தார்கள். இரவு முழுதும் இருவர் மாறி மாறி ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள். என்னை அவர்களுக்கு அதற்கு முன் பழக்கமே இல்லை. விடிந்ததும் ஒருவன் என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, ஏதேனும் சாப்பிட்டீர்களா என்பதுதான்.

நண்பர்களே, அன்றிரவு வாக்குவாதத்தின் நடுவே நம்மில் ஒருவர் ஊர்ச் செய்தி ஏதோ சொல்லும்போது "வடக்கனுங்க" என்ற சொல்லை எறிந்தார். வேடிக்கையாகத்தான் எறிந்தார். ஏழு பேரில் ஐவர் சிரித்தோம். நானும் சிரித்தேன், திருப்பூரிலும் இவ்வளவு எளிதாகத்தான் சிரித்தார்கள். பக்கத்து மேசையில் ஒரு வங்காள மாணவர் படித்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது என்ற தைரியம் நமக்கு. சரியாக அந்த நேரத்தில் திரையில் லாரி போய்க்கொண்டிருந்தது என்று எழுதினால் கதை அழகாக இருக்கும். அப்படி இல்லை, படம் முடிந்து வெகு நேரம் ஆகியிருந்தது.

சங்கச் செயலாளருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த மாதக் கூட்டத்தில் அதே பகுதியைப் பொது அறையில் பெரிய திரையில் காட்டுவோம். வங்காள நண்பர்களையும் பீகார் நண்பர்களையும் அழைப்போம். நாகர்கோவில் நண்பர் எதிர்த்துப் பேசட்டும். அவர் பேசினால் கூட்டம் சூடு பிடிக்கும். டீச் செலவில் பாதியை நான் ஏற்கிறேன். படம் முடிந்ததும் பேசுவது தமிழில் மட்டும் வேண்டாம்.

சென்ற ஞாயிறு அப்பா தொலைபேசியில் பேசினார். பின்னால் லைன் வீட்டுக்கு மறுபடி ஆள் வந்திருக்கிறார்களாம். நாலு பேர், பழைய பையன் இல்லை. மால்டா என்கிறார்கள், அது எங்கே இருக்கிறது என்று கேட்டார். இங்கே சியால்டாவில் ரயில் ஏற வேண்டும் என்றேன். பெயர் கேட்டு வைக்கச் சொன்னேன்.